வீட்டை விற்க மறுக்கும் பெரியவர்கள்: வடசென்னையில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பழைய வண்ணாரப்பேட்டை, ராயபுரம், தண்டையார்பேட்டை, காலடிப்பேட்டை பக்கம் பத்திரம் எழுதும் கடைக்கு முன்பெல்லாம் கிரயம் எழுதத்தான் வருவார்கள். இப்போது கிரயம் எழுதாமல் இருப்பது எப்படி என்று கேட்கவும் வருகிறார்கள். பெரும்பாலும் எழுபது வயது தாண்டியவர்கள், கையில் ஒரு மஞ்சள் பையோடு. சில நேரம் அவர்களுடைய பிள்ளைகள் தனியாக வருவார்கள், வேறு கேள்வியோடு. திரும்பத் திரும்பக் காதில் விழுந்த சந்தேகங்களை அவரவர் சொன்ன மாதிரியே எழுதி, பதிலைக் கீழே தந்திருக்கிறேன். வழக்கு வரை போன விஷயம் என்றால் வக்கீலிடம் பத்திரத்தைக் காட்டித்தான் ஆக வேண்டும்.

விக்க மாட்டேன்னு சொல்ல எனக்கு உரிமை இருக்கா சார்? காரணம் சொல்லுங்க, காரணம் சொல்லுங்கன்னு அரிக்கிறாங்க.

இருக்கிறது. உங்கள் பெயரில் உள்ள சொத்தை விற்பதா வேண்டாமா என்பது உங்கள் விருப்பம். தெரு முழுக்க விற்றுவிட்டுப் போனாலும் அது மாறாது. சட்டத்தின் அதிகாரம் இல்லாமல் யாருடைய சொத்தையும் பறிக்கக் கூடாது என்று அரசியல் சாசனத்தின் 300-ஏ பிரிவு சொல்கிறது. தனியார் பில்டருக்கு அந்த அதிகாரத்தை எந்தச் சட்டமும் கொடுக்கவில்லை.

காரணம் சொல்லாமல் இருப்பதே நல்லது. மாடி ஏற முடியாது என்றால் லிஃப்ட் வைக்கிறோம் என்பார்கள். வாடகை போய்விடும் என்றால் மாதாமாதம் தருகிறோம் என்பார்கள். நீங்கள் சொல்லும் ஒவ்வொரு காரணத்துக்கும் ஒரு விலை போட்டுக்கொண்டு அடுத்த வாரம் வருவார்கள். "விக்கிற எண்ணம் இல்லப்பா" என்பதற்கு மேல் பேச்சை வளர்க்காதீர்கள்.

என்னோடது முக்கால் கிரவுண்டுகூட இல்ல. இத்துனூண்டு வீட்டு மேல அவங்களுக்கு ஏன் இவ்ளோ கண்ணு?

உங்கள் வீட்டைவிட, உங்கள் வீட்டால் மற்ற மனைகளுக்குக் கிடைக்கும் முகப்புதான் அவர்களுக்கு முக்கியம். தமிழ்நாட்டின் 2019-ஆம் ஆண்டுக் கட்டட விதிகளின்படி, சாதாரணமாக மனைப் பரப்பைப் போல 2 மடங்கு கட்டலாம். தெரு 9 மீட்டருக்குக் குறையாமல் இருந்தால், தனிக் கட்டணம் செலுத்தி, அகலத்துக்கு ஏற்ப இன்னும் 30 முதல் 50 சதவீதம்வரை சேர்த்துக் கட்டலாம். நம் பக்கத்துச் சந்துகளில் உள்ளே ஒரு மனை வாங்கினால் இந்தக் கணக்கு ஓடாது. பின்பக்க மனைகளோடு மெயின் ரோட்டை ஒட்டிய வீட்டையும் சேர்த்தால் ஓடும். நடுவில் ஒரு வீடு மட்டும் நின்றுவிட்டால் பார்க்கிங் இறங்கும் இடம் போச்சு, பக்கவாட்டு இடைவெளி போச்சு, பிளானே மாறிவிடும்.

இன்னொன்று மெட்ரோ. 2021 பிப்ரவரியில் வண்ணாரப்பேட்டையிலிருந்து விம்கோ நகர் வரை ரயில் ஓட ஆரம்பித்தது. சர் தியாகராயா கல்லூரி, தண்டையார்பேட்டை, சுங்கச்சாவடி, காலடிப்பேட்டை என்று ஸ்டேஷன்கள் வந்தன. லாரி நெரிசலுக்குப் பயந்து இந்தப் பக்கம் எட்டிப் பார்க்காதவர்களும் அதற்குப் பிறகு விலை விசாரிக்கிறார்கள்.

நீங்க தரலைன்னா கவர்மென்ட் எடுத்துக்கும்னு ப்ரோக்கர் சொல்றாரு. நெஜமா?

அரசு பொதுக் காரியத்துக்கு நிலம் எடுக்கலாம். மெட்ரோவுக்கும் சாலைக்கும் எடுத்திருக்கிறார்கள். ஆனால் அதற்கு அறிவிப்பு வரும், ஆட்சேபம் சொல்ல நேரம் தருவார்கள், இழப்பீடு கணக்கிடுவார்கள். 2013-ஆம் ஆண்டு நிலம் எடுப்புச் சட்டத்தில் சந்தை மதிப்புக்கு மேல் அதே அளவு ஆறுதல் தொகையும் உண்டு. ப்ரோக்கர் வாயால் வருவது அறிவிப்பு ஆகாது. எழுத்தில் ஏதாவது இருந்தால் காட்டச் சொல்லுங்கள். அதோடு பேச்சு முடிந்துவிடும்.

எங்க ஆயா ஏன் இப்படி அடம் பிடிக்கிறாங்க? ஒழுகுற வீடு. நல்ல ஃப்ளாட் வாங்கித் தர்றேன்னா வேணாங்கிறாங்க.

பேரப்பிள்ளைகள் கேட்கும் கேள்வி இது. ஆயாவின் ஒரு நாளைக் கூட இருந்து பாருங்கள். காலையில் தெருமுனையில் மீன்காரம்மா காசு கேட்காமல் சங்கரா மீனைத் தட்டில் வைத்துவிட்டுப் போவார், கணக்கு மாசக் கடைசியில். சுகர் மாத்திரைக்கு ஆயா ஸ்டான்லி ஆஸ்பத்திரிக்கு நடந்தோ ஷேர் ஆட்டோவிலோ தனியாகவே போய் வந்துவிடுவார். இரண்டு நாள் வாசலில் கோலம் இல்லை என்றால் எதிர்வீட்டில் கதவைத் தட்டிப் பார்ப்பார்கள். நீங்கள் காட்டும் ஃப்ளாட் மாதவரத்துக்கு அப்பாலோ மீஞ்சூர் பக்கமோ இருக்கும். அங்கே இந்த மூன்றில் எது இருக்கிறது?

பணத்தையும் பாருங்கள். இந்தப் பக்கத்துப் பழைய வீடுகள் பல, போர்ஷன் போர்ஷனாகப் பிரித்து வாடகைக்கு விட்டவை. முன்போர்ஷன் வாடகை ஆயாவின் கையில் நேரடியாக விழுகிறது. வீட்டை விற்றால் மொத்தத் தொகை வரும், வந்த உடனே பிள்ளைகளுக்குள் பிரியும். அதற்குப் பிறகு ஆயா மாசம் ஒரு மகன் வீட்டில் பெட்டியோடு இறங்க வேண்டியதுதான். அவர் தெருவிலேயே அப்படி யாருக்காவது நடந்திருக்கும், அதைப் பார்த்துவிட்டுத்தான் பேசுகிறார். இதை அடம் என்று நான் சொல்ல மாட்டேன்.

ஒழுகல் உண்மைதான். மெட்ராஸ் டெரஸ் கூரையில் தேக்கு உத்தரத்துக்கு மேல் செங்கலைக் குத்துவாக்கில் சுண்ணாம்பில் பதித்திருப்பார்கள். அதன்மேல் சிமெண்டைப் பூசிப் பூசிக் கனம் ஏற்றுவதால்தான் பாதி ஒழுகல். பழைய தட்டோட்டைப் பெயர்த்துச் சுண்ணாம்பிலேயே தளம் போடத் தெரிந்த கொத்தனார்கள் இன்னும் இருக்கிறார்கள். வீட்டை இடிக்க வேண்டும் என்று முடிவு கட்டும் முன் அப்படி ஒருவரை மாடிக்கு ஏற்றிக் காட்டுங்கள்.

டோக்கன் அட்வான்ஸ்னு ஒரு லட்சம் வெச்சிட்டுப் போறேங்கறாங்க. பேச்சுவார்த்தைக்குத்தானே, வாங்கிக்கலாமா?

வேண்டாம். இந்தக் கேள்வி பதில்களில் இதைவிட முக்கியமான பதில் எனக்குத் தெரிந்து இல்லை. பணத்தை டேபிள்மேல் வைத்துவிட்டு "ஒரு ரசீதுல மட்டும் கையெழுத்துப் போடுங்கம்மா" என்பார்கள். அந்த ரசீதில் சொத்து விவரம், மொத்த விலை, மீதிப் பணம் தரும் கெடு மூன்றும் இருந்தால் அதை விற்பனை ஒப்பந்தம் என்றுதான் கோர்ட்டில் காட்டுவார்கள்.

தமிழ்நாட்டில் 2012 டிசம்பர் 1 முதல் விற்பனை ஒப்பந்தத்தையும், அசையாச் சொத்து சம்பந்தமான பவர் பத்திரத்தையும் (உங்கள் சார்பில் இன்னொருவர் செயல்பட அதிகாரம் தருவது) கட்டாயம் பதிவு செய்ய வேண்டும். அதனால் பதியாத ரசீதுக்கு வலு குறைவு. ஆனாலும் வழக்குப் போட்டு உங்களை அலைக்கழிக்க அது போதும். பதிந்த ஒப்பந்தம் இன்னும் கெட்டி. முன்பு, விற்றே தீர வேண்டும் என்று தீர்ப்புச் சொல்வதா வேண்டாமா என்பதில் நீதிபதிக்குச் சுதந்திரம் இருந்தது, வயதையும் நிலைமையையும் பார்ப்பார்கள். 2018-இல் குறித்தவகைத் தீர்வழிச் சட்டத்தை (ஸ்பெசிஃபிக் ரிலீஃப் ஆக்ட்) திருத்தி அந்தச் சுதந்திரத்தைப் பெருமளவு எடுத்துவிட்டார்கள். கையெழுத்துப் போட்ட பிறகு "மனசு மாறிட்டேன்" என்றால் முன்பைப் போல எடுபடாது.

ஏற்கெனவே வாங்கிவிட்டீர்கள் என்றால் ரொக்கமாகத் திருப்பித் தராதீர்கள். வங்கி வழியாக அனுப்புங்கள், கூடவே பதிவுத் தபாலில் ஒரு கடிதம். கையெழுத்துப் போட்ட காகிதத்தின் நகல் உங்களிடம் இல்லையென்றால் அந்தக் கடிதத்திலேயே கேட்டுவிடுங்கள்.

பவர் எழுதிக் குடுத்துட்டேன். இப்ப வேணாம்னு தோணுது. கேன்சல் பண்ணலாமா?

சாதாரண பவர் என்றால் ரத்து செய்யலாம். பவர் பதிந்த சார்பதிவாளர் அலுவலகத்தில் ரத்துப் பத்திரம் பதிய வேண்டும், பவர் ஏஜென்டுக்குப் பதிவுத் தபாலில் தெரிவிக்க வேண்டும், உள்ளூர் நாளிதழில் ஒரு பொது அறிவிப்பு கொடுப்பது நல்லது. ரத்துக்கு முன்பே அவர் யாருக்காவது எழுதிக் கொடுத்துவிட்டாரா என்று வில்லங்கச் சான்றிதழ் போட்டுப் பாருங்கள்.

சிக்கல் எங்கே வருமென்றால், பணம் வாங்கிக்கொண்டு அதற்கு ஈடாகக் கொடுத்த பவரில். ஏஜென்டுக்கே அந்தச் சொத்தில் ஒரு நலன் உண்டு என்றால், ஒப்பந்தச் சட்டத்தின் 202-ஆம் பிரிவின்படி நீங்களாகத் தனியே முடித்துக்கொள்ள முடியாது. ஜாயிண்ட் வென்ச்சர் ஒப்பந்தத்தோடு (உங்கள் மனையில் பில்டர் கட்டி, வீடுகளை இருவரும் பங்கு பிரித்துக்கொள்வது) ஒட்டி வரும் பவர் பெரும்பாலும் இப்படித்தான் எழுதப்பட்டிருக்கும். அதை வக்கீல் படித்தாக வேண்டும்.

வீட்டைக் காப்பாத்திக்க என்னென்ன பேப்பர் கையில இருக்கணும்?

தாய்ப் பத்திரம், உங்கள் பெயருக்கு வந்த பத்திரம், பட்டா அல்லது நகர நில அளவைப் பதிவேட்டு நகல், சொத்து வரி ரசீது, குடிநீர் வாரிய ரசீது, கரண்ட் கார்டு. இவற்றில் கடைசி மூன்றும் உரிமையை நிரூபிக்காது, அனுபவத்தைக் காட்டும். அதுவும் வேண்டியதுதான்.

நான் அடிக்கடி பார்ப்பது இது: பத்திரம் கணவர் பெயரில், வரி மாமனார் பெயரில், பட்டாவே கிடையாது. கணவர் இறந்து பத்து வருஷம் ஆகியும் வாரிசுச் சான்றிதழ் வாங்கவில்லை. இப்படிப்பட்ட வீட்டைத்தான் ப்ரோக்கர் முதலில் குறிவைப்பார், ஏனென்றால் "பேப்பர் கிளியர் இல்ல, நாங்களே சரி பண்ணிக்கிறோம்" என்று விலையைக் குறைக்கலாம். தாசில்தார் அலுவலகத்துக்கு நடந்து அந்த வேலையை நீங்களே முடித்துவிடுங்கள்.

வில்லங்கத்தைப் பதிவுத்துறையின் இணையதளத்தில் காசு இல்லாமல் பார்க்கலாம். பேரனை விட்டு மூன்று மாசத்துக்கு ஒரு தடவை பார்க்கச் சொல்லுங்கள். நீங்கள் போடாத கையெழுத்தில் ஏதாவது பத்திரம் ஏறியிருந்தால் அதில் தெரிந்துவிடும். மூலப் பத்திரத்தை "ஜெராக்ஸ் எடுத்துட்டுத் தர்றேன்" என்பவரிடம் கொடுக்காதீர்கள். ஜெராக்ஸை நீங்களே எடுத்து, மேலே "பார்வைக்கு மட்டும்" என்று எழுதித் தேதி போட்டுக் கொடுங்கள்.

கட்டடம் எங்களுது, மனை கோயிலுது. எங்களால மறுக்க முடியுமா?

கட்டடத்தை விற்க மறுக்கலாம். மனை விஷயத்தில் உங்கள் நிலை வேறு. பிறர் மனையில் வீடு கட்டிக்கொண்ட குடியிருப்போருக்கு, அந்த மனையைத் தங்களுக்கே விற்கச் சொல்லிக் கோர்ட்டில் கேட்கும் உரிமையை 1921-ஆம் ஆண்டுக் குடியிருப்போர் பாதுகாப்புச் சட்டம் கொடுத்தது. வடசென்னையில் அந்தச் சட்டத்தால் வீடு நிலைத்த குடும்பங்கள் உண்டு. ஆனால் 1996 திருத்தத்துக்குப் பிறகு கோயில் முதலிய சமய நிறுவனங்களின் மனைக்கு அது பொருந்தாது. அதனால் கோயில் மனை என்றால் தரை வாடகை பாக்கி வைக்காமல் கட்டி, ரசீது ஒவ்வொன்றையும் பத்திரப்படுத்துங்கள். "கோயில் மனையை உங்க பேருக்கு மாத்தித் தர்றேன்" என்று யாராவது பணம் கேட்டால் வாசலோடு அனுப்பிவிடுங்கள்.

பசங்க பங்கு கேக்கறாங்க. நான் உயிரோட இருக்கும்போதே கேக்கலாமா?

நீங்கள் சம்பாதித்து வாங்கிய வீடு என்றால் கேட்க முடியாது. உங்கள் அப்பா தன் காசில் வாங்கி, அவர் காலத்துக்குப் பிறகு 1956 இந்து வாரிசுரிமைச் சட்டப்படி உங்களுக்கு வந்த பங்கும் உங்களுடைய தனிச் சொத்துதான். அதில் பேரப்பிள்ளைகளுக்குப் பிறப்புரிமை கிடையாது. கணவர் உங்கள் பெயரில் எழுதி வைத்த வீட்டுக்கும், கணவர் வழியில் உங்களுக்கு வந்த பங்குக்கும் நீங்கள் முழு உரிமையாளர். "பொம்பளைக்கு அனுபவிக்கத்தான் உரிமை" என்று பழைய சட்டம் பேசுபவர்களை நம்பாதீர்கள். உயிலிலோ செட்டில்மெண்டிலோ (உயிரோடு இருக்கும்போதே சொத்தை எழுதிக் கொடுக்கும் பத்திரம்) "ஆயுள்வரை மட்டும்" என்று எழுதியிருந்தால்தான் வேறு கதை.

கூட்டுக் குடும்பச் சொத்து என்றால் மகனுக்கும் மகளுக்கும் சம பங்கு உண்டு, அவர்கள் பாகப்பிரிவினை கேட்கலாம். மண்ணடி, முத்தியால்பேட்டை இஸ்லாமியக் குடும்பங்களில் பிறப்பால் வரும் பங்கு என்பதே இல்லை. உயில் மட்டும் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் போனால் வாரிசுகள் சம்மதம் வேண்டும்.

என் தம்பி அவன் பங்கை பில்டருக்கு வித்துட்டான். அவங்க ஆள் வந்து பாதி வீடு எங்களுதுன்னு நிக்கிறாங்க.

இதற்குப் பயந்து மீதிப் பாதியையும் அடிமாட்டு விலைக்குக் கொடுத்தவர்கள் உண்டு. பிரிக்காத பங்கைத் தம்பி விற்கலாம்தான். ஆனால் குடும்பம் குடியிருக்கும் வீட்டில் பங்கு வாங்கிய வெளியாளுக்கு, உங்களோடு சேர்ந்து உள்ளே வந்து இருக்கும் உரிமை கிடையாது. சொத்து மாற்றுச் சட்டத்தின் 44-ஆம் பிரிவு இதைத் தெளிவாகச் சொல்கிறது. அவர்கள் செய்யக்கூடியது பாகப்பிரிவினை வழக்குப் போடுவது. அதற்கு முன் ஒரு அறையைப் பூட்டவோ, சாமான் இறக்கவோ முடியாது.

அவர்கள் அப்படி வழக்குப் போட்டால், 1893-ஆம் ஆண்டுப் பாகப்பிரிவினைச் சட்டத்தின் 4-ஆம் பிரிவில் உங்களுக்கு ஒரு பிடி இருக்கிறது. குடியிருப்பு வீட்டில் வெளியாள் வாங்கிய பங்கை, கோர்ட் மதிப்பிடும் விலைக்கு நீங்களே வாங்கிக்கொள்கிறேன் என்று கேட்கலாம். பணம் புரட்ட வேண்டியிருக்கும். ஆனால் விலையை பில்டர் சொல்ல முடியாது. தம்பி விற்கும் முன்பே தெரிந்துவிட்டால் இன்னும் நல்லது: இந்து வாரிசுரிமைச் சட்டத்தின் 22-ஆம் பிரிவு, கூட்டாக வந்த சொத்தில் ஒரு வாரிசு விற்கும்போது மற்ற வாரிசுக்கு முன்னுரிமை தருகிறது. பழைய வீட்டில் யாருக்கு எந்தப் பக்கம் என்று வாய்ப்பேச்சாக மட்டும் வைத்திருப்பவர்கள், சண்டை இல்லாத காலத்திலேயே பாகப்பிரிவினைப் பத்திரம் பதிந்துகொள்ளுங்கள்.

நாங்க இருக்கறது அப்பார்ட்மென்ட். 12 வீட்ல 9 பேர் இடிச்சுக் கட்ட சம்மதிச்சுட்டாங்க. நான் ஒருத்தி முடியாதுன்னா நிக்குமா?

இங்கேதான் முதல் கேள்விக்குச் சொன்ன பதில் மாறுகிறது. தனி வீட்டுக்காரரை யாரும் ஓட்டெடுத்து வெளியேற்ற முடியாது. அடுக்குமாடியில் நிலம் எல்லோருக்கும் பொது. 2022-இல் இயற்றப்பட்டு 2024 மார்ச்சில் நடைமுறைக்கு வந்த தமிழ்நாடு அடுக்குமாடிக் குடியிருப்பு உரிமைச் சட்டப்படி, மூன்றில் இரண்டு பங்கினர் சம்மதித்தால் மறுகட்டுமானத்துக்குப் போகலாம். 12-க்கு 8 போதும், உங்கள் இடத்தில் 9 இருக்கிறது.

அதனால் மறுப்பதில் சக்தியைச் செலவழிக்காமல் நிபந்தனைகளில் செலவழியுங்கள். தீர்மானத்தின் நகலையும் பில்டரோடு போடும் ஒப்பந்தத்தின் வரைவையும் எழுத்தில் கேளுங்கள். கட்டி முடிக்கும்வரை வாடகை எவ்வளவு, தாமதமானால் எவ்வளவு, உங்களுக்கு எந்த மாடி, பழைய அளவைவிடக் குறையாதா? கூட்டமே போடாமல் கையெழுத்து மட்டும் வாங்கியிருந்தால் அதை எதிர்க்கலாம்.

பக்கத்து வீட்டை இடிச்சுப் பள்ளம் தோண்டுறாங்க. எங்க சுவர்ல கோடு விழுது. பயமா இருக்கு.

பயம் நியாயமானது. பழைய வண்ணாரப்பேட்டை, ராயபுரத்து வரிசை வீடுகளில் இரண்டு வீட்டுக்கும் ஒரே சுவர். கடலோரப் பக்கம் மணற்பாங்கான மண், கொஞ்சம் தோண்டினாலே தண்ணீர். பள்ளத்தில் ஊறும் தண்ணீரை மோட்டார் வைத்து இறைக்கும்போது உங்கள் அஸ்திவாரத்துக்குக் கீழே இருக்கும் மணலும் கூடப் போகிறது. சுண்ணாம்புக் காரைச் சுவர் அதைத் தாங்காது.

இடிக்கும் முன்பே வீடு முழுக்க வீடியோ எடுத்துவிடுங்கள், அன்றைய பேப்பரும் தெரிகிற மாதிரி. ஏற்கெனவே விரிசல் இருந்தால் அதன் குறுக்கே ஒரு மெல்லிய கண்ணாடித் துண்டை பிளாஸ்டர் ஆஃப் பாரிஸ் வைத்து ஒட்டி, மேலே தேதி எழுதுங்கள். விரிசல் நகர்ந்தால் கண்ணாடி உடையும். "பழைய விரிசல்தான் சார்" என்று சொல்லும் சைட் இன்ஜினியர் அதற்குப் பிறகு அப்படிச் சொல்ல மாட்டார். பாதிப்பைப் பழுது பார்த்துத் தருவதாகவும், அம்போ என்று நிற்கும் பொதுச் சுவரை மழைக்கு முன் பூசித் தருவதாகவும் எழுதி வாங்குங்கள்.

மாநகராட்சியின் 1913 என்ற தொலைபேசி எண்ணில் சொல்லிப் புகார் எண் வாங்கிக்கொண்டு, மண்டல அலுவலகத்திலும் எழுத்தில் கொடுங்கள். தண்டையார்பேட்டை 4-ஆவது மண்டலம், ராயபுரம் 5-ஆவது, திருவொற்றியூர் 1-ஆவது. 20 வருஷத்துக்கு மேலாகப் பக்கத்து நிலத்தின் ஆதரவில் உங்கள் கட்டடம் நின்றிருந்தால், அந்த ஆதரவு தொடர வேண்டும் என்று கேட்கும் உரிமையை 1882 வசதியுரிமைச் சட்டம் தருகிறது. வெளிச்சத்துக்கும் காற்றுக்கும் அதே 20 வருஷக் கணக்குதான். நிலைமை முற்றினால் உரிமையியல் நீதிமன்றத்தில் தடையாணை கேட்கலாம்.

ராத்திரில கல்லு விழுது. "பெரியவரே, தனியா இருக்கீங்க, ஜாக்கிரதை"ன்னு சொல்லிட்டுப் போறாங்க.

அப்படிச் சொன்னவர் அக்கறையில் சொல்லவில்லை. ஸ்டேஷனில் எழுத்துப் புகார் கொடுத்து, புகாரைப் பெற்றுக்கொண்டதற்கான சி.எஸ்.ஆர். ரசீது வாங்காமல் வெளியே வராதீர்கள். குற்ற மிரட்டல், புதிய தண்டனைச் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவின் 351-ஆம் பிரிவில் குற்றம். முதியோர் உதவி எண் 14567, இலவச சட்ட உதவிக்கு 15100. பெண்களுக்கு வருமானம் எவ்வளவு இருந்தாலும் சட்ட உதவி இலவசம்.

நீங்கள் ஊருக்குப் போன நேரத்தில் பூட்டை உடைத்து உள்ளே உட்கார்ந்துவிட்டால், 6 மாதத்துக்குள் வழக்குப் போட வேண்டும். அப்படிப் போட்டால் யாருக்கு உரிமை என்று பார்க்காமலே, சட்டவழி இல்லாமல் வெளியேற்றப்பட்டவரை மறுபடி உள்ளே விடுவார்கள்.

மகன் பேருக்கு செட்டில்மெண்ட் எழுதிட்டேன். இப்ப அவன் பில்டர்கிட்ட பேசிக்கிட்டு இருக்கான்.

இந்தக் கேள்விதான் எனக்கு மிகவும் சங்கடமானது. உயில் உங்கள் காலத்துக்குப் பிறகு நடைமுறைக்கு வரும், எத்தனை தடவை வேண்டுமானாலும் மாற்றலாம். செட்டில்மெண்ட் கையெழுத்துப் போட்ட அன்றே வீட்டைக் கைமாற்றிவிடுகிறது, பிறகு நீங்கள் தனியாக ரத்து செய்ய முடியாது. செலவு குறைவு என்று யாரோ சொன்னதைக் கேட்டு எழுதிவிடுகிறார்கள்.

ஒரு வழி இருக்கிறது. 2007-ஆம் ஆண்டுப் பெற்றோர் மற்றும் மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டத்தின் 23-ஆம் பிரிவு: கவனித்துக்கொள்வார் என்ற நிபந்தனையில் 60 வயதுக்கு மேற்பட்டவர் எழுதிக் கொடுத்து, வாங்கியவர் கவனிக்கவில்லை என்றால் அந்த மாற்றத்தைச் செல்லாது என்று அறிவிக்கக் கேட்கலாம். மனு கோட்டாட்சியரிடம், வக்கீல் தேவையில்லை. நிபந்தனை இருந்ததை நிரூபிக்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2022-இல் சொன்னது. 2025 ஜனவரியில் வந்த இன்னொரு தீர்ப்பு, பெரியவர்களைக் காக்கவே வந்த சட்டம் என்பதால் அதைத் தாராளமாகப் பொருள்கொள்ள வேண்டும் என்றது. இனிமேல் எழுதுகிறவர்கள் இரண்டு வரி சேர்த்து எழுதச் சொல்லுங்கள்: ஆயுள்வரை குடியிருக்கவும் வாடகை வாங்கவும் எனக்கு உரிமை, என்னைப் பராமரிக்கும் நிபந்தனையில் தருகிறேன். இதைச் சேர்க்கக் கூடாது என்று மகன் சொன்னால் எழுதவே வேண்டாம்.

அம்மாவுக்கு ஞாபக மறதி. அவங்க போட்ட கையெழுத்து செல்லுமா?

கையெழுத்துப் போட்ட நேரத்தில் என்ன செய்கிறோம் என்று புரிந்து, தனக்கு நல்லதா கெட்டதா என்று எடை போட முடிந்திருந்தால் செல்லும். முடியாத நிலையில் போட்டது செல்லாது. வயதாலும் நோயாலும் மனத்தெளிவு குறைந்தவரை வசப்படுத்தி வாங்கியதையும் ரத்து செய்யக் கேட்கலாம். ஆனால் நிரூபிக்க மருத்துவக் குறிப்பு வேண்டும், ஸ்டான்லியில் காட்டிய ஓ.பி. சீட்டுகளைத் தூக்கிப் போடாதீர்கள். இது இரண்டு பக்கமும் வெட்டும்: அம்மா தெளிவாக இருக்கும்போதே "மறதி" என்று பட்டம் கட்டி வீட்டை எழுதி வாங்கப் பார்க்கும் பிள்ளைகளும் இதே கேள்வியோடுதான் வருகிறார்கள்.

விக்கவும் மனசில்ல, கையில காசும் இல்ல. என்ன பண்றது?

தலைகீழ் அடமானக் கடன் என்று ஒன்று இருக்கிறது, 2007 பட்ஜெட்டில் அறிவித்தது. 60 வயது கடந்தவர், சொந்தமாகச் சம்பாதித்த, தான் குடியிருக்கும் வீட்டை வங்கியில் வைத்தால் வங்கி மாதாமாதம் பணம் தரும். நீங்களும் துணைவரும் இருக்கும்வரை திருப்பிக் கட்ட வேண்டாம். அதன்பின் வாரிசுகள் கடனை அடைத்து வீட்டை மீட்கலாம், இல்லையென்றால் வங்கி விற்று மீதியைத் தரும். எல்லா வங்கிக் கிளையிலும் ஆர்வம் காட்ட மாட்டார்கள், பத்திரம் சுத்தமாக இல்லாத வீட்டைத் தொடவும் மாட்டார்கள். ஒரு போர்ஷனைச் செப்பனிட்டு வாடகைக்கு விடுவது பலருக்கு இதைவிடச் சுலபம்.

ஜாயிண்ட் வென்ச்சர் போட்டா என்ன தப்பு? எல்லாரும் வேணாம் வேணாம்னே சொல்றீங்களே.

தப்பில்லை. வீடு இடிந்து விழும் நிலையில் இருந்து, பிள்ளைகள் ஒற்றுமையாக இருந்து, நீங்களே விரும்பினால் செய்யலாம். ஆனால் நம் பக்கத்து மனைகளில் ஒரு விஷயம் கவனியுங்கள். ரெரா எனப்படும் ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறைச் சட்டத்தில், 500 சதுர மீட்டருக்கு மேற்படாத மனைக்கும் 8 வீடுகளுக்கு மேற்படாத கட்டடத்துக்கும் பதிவு கட்டாயமில்லை. 2 கிரவுண்ட் என்பது 4,800 சதுர அடி, அதாவது 446 சதுர மீட்டர்தான். ஆகவே இங்கே நடக்கும் சின்ன வேலைகள் பல அந்தக் கண்காணிப்புக்குள் வராது, ஒப்பந்தம் ஒன்றுதான் உங்களுக்குப் பாதுகாப்பு.

கீழ்த்தளத்திலோ முதல் மாடியிலோ உங்கள் வீடு எது என்று வரைபடத்தில் குறித்திருக்க வேண்டும். பிரிக்காத நிலப் பங்கு எவ்வளவு, முடிக்கும் தேதி, தாமதத்துக்கு மாத வாடகை, அட்வான்ஸ் திருப்பித் தர வேண்டியதா இல்லையா எல்லாம் எழுத்தில். பவர் கொடுத்தால் பில்டர் பங்குக்கு மட்டும் கொடுங்கள். முழு மனைக்கும் கொடுத்தவர்களின் கதைதான் மேலே ரத்துக் கேள்வியாக வந்தது.

வேற ஊர்லயும் இப்படி ஒத்தையா நின்னவங்க இருக்காங்களா?

அமெரிக்காவின் சியாட்டில் நகரில் ஈடித் மேஸ்ஃபீல்ட் என்ற மூதாட்டி 2006-இல் 10 லட்சம் டாலர் வேண்டாம் என்றார். அவருடைய சின்ன வீட்டை விட்டுவிட்டு மூன்று பக்கமும் கட்டடம் எழுப்பினார்கள். 2008-இல் 86 வயதில் அந்த வீட்டிலேயே காலமானார். கடைசிக் காலத்தில் அவருக்குச் சமைத்துப் போட்டு ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போனவர் அந்தக் கட்டுமானத்தின் மேற்பார்வையாளரே. வீட்டை அவருக்குத்தான் எழுதி வைத்தார். மறுப்பவருக்கும் கட்டுகிறவருக்கும் விரோதம் இருந்தே ஆக வேண்டியதில்லை. உங்கள் பக்கத்து சைட்டின் வாட்ச்மேனுக்கும் காலையில் ஒரு டம்ளர் காபி கொடுங்கள், ராத்திரிக் கல்லைப் பற்றி அவருக்குத்தான் முதலில் தெரியும்.

நான் கண்ணை மூடினதும் பசங்க வித்துடுவாங்க. விக்கக் கூடாதுன்னு உயில்ல எழுதலாமா?

எழுதலாம், ஆனால் நிற்காது. முழு உரிமையாக ஒருவருக்குக் கொடுத்துவிட்டு, "எக்காலத்திலும் விற்கக் கூடாது" என்று கட்டிப்போடுவதைச் சட்டம் ஏற்பதில்லை. நிற்கக்கூடியது வேறு: மனைவிக்கோ, கல்யாணம் ஆகாத மகளுக்கோ, மனவளர்ச்சி குன்றிய பிள்ளைக்கோ ஆயுள்வரை குடியிருக்கும் உரிமையை எழுதி, அவர் காலத்துக்குப் பிறகு மற்றவர்களுக்கு என்று எழுதலாம். அவர் இருக்கும்வரை அந்த உரிமையோடு சேர்த்துத்தான் யாரும் வாங்க முடியும். பெரும்பாலான பில்டர்கள் அதைப் பார்த்ததும் பின்வாங்கிவிடுவார்கள்.

உயிலுக்குச் சாட்சி இரண்டு பேர் வேண்டும். பயனடையும் பிள்ளைகளையோ அவர்கள் துணைவரையோ சாட்சியாகப் போடாதீர்கள், உங்களைவிட வயதில் சின்னவர்களைப் போடுங்கள். பதிவு கட்டாயமில்லை, ஆனாலும் பதிந்துவிடுங்கள். நிறைவேற்றுபவராக யாரைப் போடுகிறீர்களோ அவரிடம் முன்பே சொல்லி, உயில் எந்தப் பீரோவில் இருக்கிறது என்பதையும் காட்டிவிடுங்கள்.